ஜெராக்ஸ் தாளில் நான் எழுதாமல் விட்டது

முட்டி வலிக்கென்று ஒருமுறையாவது பிசியோவிடம் போய்வந்த வீடுகளில் ஒரு ஜெராக்ஸ் தாள் இருக்கும். காலண்டருக்குப் பின்னால் செருகியோ, மாத்திரை டப்பாவுக்குள் நாலாக மடித்தோ, எங்கேயாவது கிடக்கும். அதில் முகமில்லாத ஒரு ஆள் மல்லாந்து படுத்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருப்பான், பக்கத்தில் பேனாவால் ‘10 தடவை, காலை மாலை’ என்று கிறுக்கியிருக்கும். போன வருஷம் எங்கள் ஊரில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் அப்படியொரு தாளோடு வந்தார். ஐம்பத்தேழு வயது, ரெண்டு முட்டியிலும் தேய்மானம், வலது பக்கம் கொஞ்சம் அதிகம். “இதெல்லாம் செஞ்சு பாத்தாச்சு தம்பி, ஒண்ணும் கேக்கல. பேசாம கரண்டு வச்சு விட்டுருங்க” என்றார். தாளை வாங்கிப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது.

நாலு வருஷத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு இடத்தில் இருந்தபோது கொடுத்திருக்கிறேன். அவருக்கு என் முகம் ஞாபகமில்லை, நானும் உடனே சொல்லிக்கொள்ளவில்லை. அவர் ஏமாற்றவும் இல்லை, நிஜமாகவே செய்திருக்கிறார், மாவரைக்கப் போகும் முன்னால் பத்து, ராத்திரி கடை கட்டியபிறகு பத்து. முதல் ஒரு மாதம் கொஞ்சம் சுகமாக இருந்ததாம், அப்புறம் அப்படியே நின்றுவிட்டதாம். நிற்கத்தான் செய்யும். தாளில் இருந்த பயிற்சிகளைக் குறை சொல்ல முடியாது, இன்றைக்கும் அதே பயிற்சிகளில்தான் தொடங்குவேன். பத்தை எப்போது பன்னிரண்டாக்குவது, எப்போது எடை கட்டுவது, எப்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவது என்று நான் எழுதவே இல்லை. சிகிச்சைப் பயிற்சி என்கிற விஷயத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறது.

வாக்கிங், யோகா, ஜிம் எல்லாம் நல்லதுதான். அதெல்லாம் உடம்பு முழுவதுக்குமான சாப்பாடு மாதிரி. சிகிச்சைப் பயிற்சி மருந்து மாதிரி. உடம்பில் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது, ஒரு தசையின் பலமோ, ஒரு மூட்டு மடங்கும் அளவோ, நிற்கும்போது தடுமாறாமல் இருக்கும் திறனோ, மூச்சு வாங்காமல் நடக்கும் தூரமோ. அந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடித்து, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்து, அதற்கு மட்டும் குறிவைத்து அளவோடு கொடுப்பதுதான் எங்கள் வேலை. எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதாமல் ‘மாத்திரை சாப்பிடுங்க’ என்று மட்டும் சீட்டு எழுதும் டாக்டரிடம் யாரும் மறுபடி போகமாட்டோம். ஆனால் ‘எக்சர்சைஸ் பண்ணுங்கம்மா’ என்று சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

அளப்பது என்றால் பெரிய இயந்திரமெல்லாம் வேண்டாம். தசை பலத்துக்கு உலகம் முழுக்க 0 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் உண்டு. தசையில் அசைவே இல்லையென்றால் 0. விரல் வைத்துப் பார்த்தால் லேசாகத் துடிக்கிறது, ஆனால் கால் அசையவில்லை என்றால் 1. படுக்கையில் பக்கவாட்டில் நகர்த்த முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை என்றால் 2. புவியீர்ப்பை மீறித் தூக்கிவிட்டால் 3. நான் கையால் அழுத்தும்போது ஓரளவு எதிர்த்து நின்றால் 4, முழுசாக நின்றால் 5. பக்கவாதம் வந்தவர் வீட்டில் “கையில ரெண்டு வந்திருக்கு, மூணு வரணும்னு சொல்றாங்க” என்று பேசிக்கொள்வார்களே, அந்தக் கணக்கு இதுதான். மூட்டு மடங்கும் அளவுக்குக் கோணமானி இருக்கிறது, பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் இருந்த அதே பாகைமானிக்கு ரெண்டு கை முளைத்த மாதிரி. முட்டி சாதாரணமாக நடக்க 60, 70 டிகிரி மடங்கினால் போதும், படியேற 80-க்கு மேல் வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து எழ 90-ஐத் தாண்ட வேண்டும், தரையில் குத்தவைத்து உட்கார 130-க்கு மேல் வேண்டும். இந்தியன் டாய்லெட்டில் உட்கார முடியாமல் போவது ஏன் நம் ஊர்க்காரர்களுக்கு முதல் புகாராக வருகிறது என்பது இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அக்காவுக்கு 112 டிகிரி மடங்கியது. பலம் 4. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று ஒரு சோதனை உண்டு, அதில் 7 வந்தது. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12-க்குக் கீழே போனால் சராசரிக்குக் குறைவு என்று வைத்திருக்கிறார்கள். எழுதிவைத்துக்கொண்டேன். எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது என்பதைவிட எனக்கு இந்த 7 முக்கியம், ஏனென்றால் தேய்ந்த மூட்டை என்னால் ஒன்றும் செய்ய முடியாது, 7-ஐ ஏதாவது செய்யலாம்.

அப்புறம் துண்டு. காலை நீட்டி உட்காரவைத்து, ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, “இதை நசுக்குங்கக்கா” என்று சொன்னேன். தாளில் முதல் படமே இதுதான். அக்கா பல்லைக் கடித்தார், மூச்சைப் பிடித்தார், இடுப்பு ஒரு பக்கம் தூக்கியது, பாதம் விறைத்தது, எல்லாம் நடந்தது. முட்டிச்சில்லுக்கு மேலே, உள்பக்கமாக, ஒரு சதைத்திரட்சி உண்டு. அங்கே ரெண்டு விரலை வைத்துப் பார்த்தேன், வெந்த கத்திரிக்காய் மாதிரி கொழகொழவென்று கிடந்தது. இடது காலில் அதே இடம் பரவாயில்லை, அழுத்தியதும் விரலுக்கடியில் திரண்டு வந்தது. அவர் விரலையே எடுத்து ரெண்டு பக்கமும் வைத்துக் காட்டினேன். “இது மட்டும் ஏன் தம்பி தூங்குது?” என்றார். நாலு வருஷமாக அவர் துண்டை நசுக்கியிருக்கிறார், நசுக்க வேண்டிய தசை நசுக்கவில்லை, இடுப்பும் பின்தொடையும் சேர்ந்து அந்த வேலையைப் பார்த்துவிட்டன.

தூங்குவது என்பது கிட்டத்தட்ட சரியான வார்த்தை. முட்டிக்குள் நீர் கோத்தால் மூட்டிலிருந்து நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குச் செய்தி போகிறது, அங்கிருந்து முன்தொடைத் தசைக்கு வர வேண்டிய உத்தரவு பாதியில் நின்றுவிடுகிறது. ஆரோக்கியமான முட்டிக்குள் வேண்டுமென்றே உப்புநீரை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். 20, 30 மில்லி உள்ளே போனாலே, அதாவது ஒரு சின்ன டம்ளரில் கால் பங்கு, அந்த உள்பக்கச் சதை மந்தமாகிவிடுகிறது. வலியே இல்லாமல். அடிபட்டு, ஆபரேஷன் ஆகி, அல்லது தேய்மானத்தில் வீங்கி இருக்கும் காலில் தொடை சூம்பிப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம். மனசில் உறுதி இல்லாததால் வருவது இல்லை இது. ‘அம்மா ட்ரை பண்ணவே மாட்டேங்கிறாங்க’ என்று புகார் சொல்லும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது.

இங்கே அந்த ‘கரண்டு’ பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பார்கள். நம் ஊர் பிசியோ கிளினிக்குகளில் கரண்டு என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் வலியை மரக்கச் செய்யும் மின்சாரம். வைத்துக்கொண்டிருக்கும்போது சுகமாக இருக்கும், கொஞ்ச நேரம் கழித்தும் இருக்கும். அந்தச் சுகம் இருக்கும்போது பயிற்சி செய்தால் லாபம், கரண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனால் ஆட்டோக்காரருக்கு லாபம். இன்னொரு வகை இருக்கிறது, தூங்கும் தசையையே சுருங்கவைக்கும் மின்சாரம். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு முன்தொடையை எழுப்ப இது நிஜமாகவே உதவும். அக்காவுக்கு இந்த இரண்டாவதைத்தான் வைத்தேன், கரண்டு வரும் நேரத்தில் அவரும் சேர்ந்து துண்டை நசுக்க வேண்டும் என்ற கண்டிஷனோடு. கேட்டது கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம். ஒரு வாரத்தில் விரலுக்கடியில் சதை திரள ஆரம்பித்தது.

சரி, தசை எழுந்துவிட்டது, இனி அதற்குப் பலம் ஏற்ற வேண்டும். பலம் எப்படி ஏறும்? அது வழக்கமாகத் தூக்கும் சுமையைவிடக் கொஞ்சம் அதிகமான சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஏறும். பழகிய சுமையையே கொடுத்தால் உடம்பு இருப்பதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும், புதிதாக ஒன்றும் கட்டாது, உடம்பு அவ்வளவு சிக்கனக்காரன். அக்காவின் பத்து தடவை முதல் மாதத்தில் சுமையாக இருந்தது, பலன் கொடுத்தது. ரெண்டாவது மாதத்தில் அதுவே பழக்கமாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் செய்த மூன்றே முக்கால் வருஷமும் பல் துலக்குகிற மாதிரிதான்.

இந்த விஷயத்தை முறையாக்கியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். சின்ன வயதில் வாதக் காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர், எழுந்தபிறகு எடை தூக்கித் தூக்கித் தன் உடம்பைத் திரும்பக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போர் சமயம் சிகாகோவில் ராணுவ மருத்துவமனையில் வேலை. வார்டு முழுக்கத் தொடையெலும்பு முறிந்த, முட்டி உடைந்த சிப்பாய்கள், லேசான எடையை நூறு தடவை ஆட்டும் பழைய பயிற்சிகளால் தேறாமல் மாதக்கணக்கில் கட்டிலை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள். டிலோர்ம் அவர்கள் காலில் இரும்புச் செருப்பைக் கட்டி, அதில் தட்டுத் தட்டாக எடையை மாட்டித் தூக்கச் சொன்னார். ஆபரேஷன் ஆன முட்டியில் அவ்வளவு எடையா என்று அந்தக் காலத்தில் பயப்படாதவர்கள் குறைவு. ஆனால் தொடைகள் திரண்டன, 1945-இல் கட்டுரை வந்தது. முதலில் ஏழு முதல் பத்து சுற்று, சுற்றுக்குப் பத்து என்று போட்டுத் தாக்கியவர், அவ்வளவு தேவையில்லை என்று புரிந்து 1948-இல் மூன்று சுற்றாகக் குறைத்தார். சரியாகப் பத்து தடவை தூக்க முடிந்து பதினோராவது முடியாமல் போகும் எடை எதுவோ, அதில் முதல் சுற்றுக்குப் பாதி, ரெண்டாவதுக்கு முக்கால், மூன்றாவதுக்கு முழுசு. இன்றைக்கு ஜிம்மில் எல்லாரும் ‘த்ரீ செட், டென் ரெப்ஸ்’ என்று சொல்வதற்குப் பின்னால் அந்த வார்டு இருக்கிறது. ஆனால் ‘டென்’ மட்டும் பிழைத்துக்கொண்டது, எந்த எடையில் பத்து என்ற மீதிப் பாதி, வழியில் தொலைந்துபோய், கடைசியில் என் ஜெராக்ஸ் தாளில் வெறும் பத்தாக வந்து உட்கார்ந்தது.

வீட்டில் இரும்புத் தட்டெல்லாம் வேண்டாம். அக்காவுக்கு நாற்காலிதான் ஜிம். முதலில் நாற்காலி மேல் ரெண்டு தலையணை, உயரமாக இருப்பதால் எழுவது சுலபம். கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து, கடைசி ரெண்டும் ‘அப்பாடா’ என்று இருக்க வேண்டும், அதுதான் அளவு. பத்தும் சிரமமில்லாமல் வந்தால் பன்னிரண்டு, பன்னிரண்டும் சும்மா வந்தால் ஒரு தலையணையை எடு. அப்புறம் இன்னொன்றை எடு. அதற்கப்புறம் ரெண்டு கிலோ அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழு. மூன்று சுற்று, சுற்றுக்கு நடுவில் ரெண்டு நிமிஷம் ஓய்வு, ஒருநாள் விட்டு ஒருநாள். “தெனமும் வேண்டாமா?” என்று அவருக்குச் சந்தேகம். எடை ஏறும் பயிற்சி தினமும் வேண்டாம், தசை தன்னைச் சரிசெய்துகொள்ள இடைவெளி வேண்டும், வாரத்துக்கு ரெண்டு மூன்று நாள் போதும். துண்டு நசுக்குவது, மடக்கி நீட்டுவது மாதிரி லேசானவற்றை வேண்டுமானால் தினமும் செய்யலாம்.

முதல் மூன்று நாலு வாரத்தில் பலம் கூடியதை உணர்வீர்கள், ஆனால் டேப் வைத்து அளந்தால் தொடை அதே சுற்றளவில் இருக்கும். ஏமாற்றமாகத் தோன்றும். அந்தக் கட்டத்தில் வளர்வது சதை இல்லை, நரம்பு கற்றுக்கொள்கிறது, ஒரே சமயத்தில் அதிக இழைகளை வேலைக்குக் கூப்பிடக் கற்றுக்கொள்கிறது. சதை ஏறத் தொடங்க ஆறு, எட்டு வாரமாகும். பெரும்பாலானவர்கள் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டாலஸ் நகரில் 1966-இல் ஒரு சோதனை நடந்தது. இருபது வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலில் படுக்கவைத்தார்கள், எழுந்து நிற்கக்கூட விடவில்லை. அவர்களுடைய உடல் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைத் தேடிப் பிடித்து மறுபடி சோதித்தார்கள், ஐம்பது வயதில். தொப்பை போட்டு, எடை ஏறி வந்தவர்களில் ஒருவர்கூட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்து எழுந்தபோது இருந்த அளவுக்கு மோசமாக இல்லை. முதுகு வலி என்று வந்தவரிடம் யாராவது ‘ஒரு மாசம் பெட் ரெஸ்ட்’ என்று சொன்னால் எனக்கு இந்த ஐந்து பேர்தான் ஞாபகத்துக்கு வருவார்கள்.

இப்போது படிக்கட்டுக்கு வருவோம். அக்காவின் வீடு கடைக்கு மேலே மாடியில். “ஏறுறதுகூடப் பரவால்ல தம்பி, எறங்கும்போதுதான் உயிர் போகுது” என்றார். முட்டி வலிக்காரர்கள் பாதிப்பேர் இதைச் சொல்வார்கள். தசை மூன்று விதமாக வேலை செய்யும். துண்டை நசுக்கும்போது நீளம் மாறாமல் இறுகுகிறது, மூட்டு அசைவதில்லை, அதனால் வீங்கிய, புதிதாக ஆபரேஷன் ஆன மூட்டுக்குக்கூட இதைக் கொடுக்கலாம். நாற்காலியிலிருந்து எழும்போது முன்தொடை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது. திரும்ப மெதுவாக உட்காரும்போது அதே தசை நீண்டுகொண்டே பிடித்துக்கொள்கிறது, கிணற்றில் வாளியை இறக்கும்போது கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறோமே, அந்த மாதிரி. படியிறங்குவது முழுக்க இந்த மூன்றாவது வேலை. சமதளத்தில் நடக்கும்போது முட்டி மேல் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு சுமை விழுகிறது என்றால், படியிறங்கும்போது மூன்று மடங்கைத் தாண்டிவிடுகிறது. கயிற்றைப் பிடிக்கும் கை பலமாக இல்லையென்றால் வாளி தடாலென்று போய் விழும். நாற்காலியில் தொப்பென்று உட்காருகிறவர்களைப் பாருங்கள், முன்தொடையில் பலமில்லை என்பதை அவர்கள் எழும்போது அல்ல, உட்காரும்போதே கண்டுபிடித்துவிடலாம். எனவே அக்காவுக்கு எழுவதை ஒரு எண்ணிலும் உட்காருவதை நாலு எண்ணிலும் செய்யச் சொன்னேன். முதல் நாள் நாலு வரை எண்ணுவதற்குள் ரெண்டில் உட்கார்ந்துவிட்டார்.

நீண்டுகொண்டே பிடிக்கும் பயிற்சிக்கு ஒரு கதை உண்டு. ஸ்வீடனில் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர், ஓடும் பழக்கம் உள்ளவர், அவருக்கே குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாணில் (தசையை எலும்போடு இணைக்கும் கயிறுதான் தசைநாண்) தீராத வலி. ஆபரேஷன் செய்யுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார், மறுத்துவிட்டார்களாம். சரி, நாண் அறுந்துபோனால் ஆபரேஷன் செய்துதானே ஆக வேண்டும் என்று, படியின் விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலைக் கீழே இறக்கி இறக்கி, வலிக்க வலிக்கச் சுமையேற்றியிருக்கிறார். அறுந்துபோகவில்லை, குணமாகிவிட்டது. 1998-இல் இதே மாதிரி ஓட்டக்காரர்கள் 15 பேருக்கு, முட்டியை நீட்டி ஒரு விதம், மடக்கி ஒரு விதம், ஒவ்வொன்றும் 15 தடவை மூன்று சுற்று, தினமும் ரெண்டு வேளை, 12 வாரம் கொடுத்து, எல்லாரும் திரும்ப ஓடினார்கள் என்று வெளியிட்டார். நாளைக்கு 180 தடவை. இதை அப்படியே நீங்கள் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை, தசைநாண் வலிக்குத் தைலம் தேய்த்து ஓய்வில் வைப்பதுதான் வழி என்ற நினைப்பை அசைத்தது இது என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படியானால் வலித்தாலும் செய்யலாமா? இதைக் கேட்காத ஆளில்லை. தசை வலி வேறு, மூட்டு வலி வேறு. புதிதாக ஒரு பயிற்சி செய்த மறுநாளும் அதற்கு மறுநாளும் தொடை கனத்து வலிப்பது, குறிப்பாக இறக்கும் பயிற்சிக்குப் பிறகு வலிப்பது, சாதாரணம், மூன்று நாளில் போய்விடும். மூட்டு வலிக்கு நான் சொல்லும் கணக்கு: பத்துக்கு எவ்வளவு என்று நீங்களே மார்க் போடுங்கள். ரெண்டு வரைக்கும் கவலையே வேண்டாம். மூன்றிலிருந்து ஐந்து வரை இருந்தால் பொறுத்துக்கொண்டு செய்யலாம், ஆனால் மறுநாள் காலை எழுந்திருக்கும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். ஐந்தைத் தாண்டினாலோ, காலையில் முட்டி கூடுதலாக வீங்கியிருந்தாலோ நேற்றைய அளவு அதிகம், பாதியாகக் குறையுங்கள். பயிற்சியை நிறுத்தச் சொல்லவில்லை, அளவைக் குறைக்கச் சொல்கிறேன். ரெண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் தெரியாமல்தான் முக்கால்வாசிப் பேர் ‘எனக்கு எக்சர்சைஸ் ஒத்துக்கல’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்.

பலம் ஒரு பக்கம் இருக்கட்டும், இறுகிப்போன மூட்டுக்குக் கதையே வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகமாக வரும் தோள்பட்டை இறுக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், கையைப் பின்னால் கொண்டுபோய் ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியாது, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ என்ற பெயரை 1934-இல் வைத்தவர் எர்னஸ்ட் காட்மன் என்ற பாஸ்டன் அறுவை மருத்துவர், அவர் பெயரில் ஒரு பயிற்சி இன்றும் இருக்கிறது. ஒரு கையை மேஜையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைக் கயிறு மாதிரித் தொங்கவிட்டு, உடம்பை லேசாக ஆட்டினால் கை தானாக ஊஞ்சலாடும். தோள் தசைக்கு வேலையே இல்லை, புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது. மற்றவர் அசைப்பது அல்லது தானாக அசைவது, அப்புறம் நல்ல கையோ கப்பிக் கயிறோ துணைக்கு வந்து அசைப்பது, அப்புறம் தானே அசைப்பது, கடைசியில் எடையை எதிர்த்து அசைப்பது என்று இதில் ஒரு வரிசை இருக்கிறது. மாவுக்கட்டு பிரித்த கை, பக்கவாதம் வந்த கை, எதுவாக இருந்தாலும் ஏறத்தாழ இந்த வரிசைதான், எந்தப் படியில் தொடங்குவது என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். தசையை நீட்டி இழுப்பதற்கு ஒரு குறிப்பு மட்டும்: நீட்டிய நிலையில் 30 விநாடி நிற்க வேண்டும். பின்தொடையை வைத்துப் பார்த்ததில் 15 விநாடியைவிட 30 நல்ல பலன் கொடுத்தது, 60 அதைவிட அதிகமாக ஒன்றும் கொடுக்கவில்லை. குதித்துக் குதித்து இழுப்பதை, பி.டி. பீரியடில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதை மறந்துவிடலாம்.

இன்னொரு விஷயம், உடம்பு எதைப் பழக்குகிறீர்களோ அதை மட்டும்தான் கற்றுக்கொள்ளும். படுத்துக்கொண்டு காலைத் தூக்குவதில் கெட்டிக்காரராகிவிட்டால் படுத்துக்கொண்டு தூக்குவதில் கெட்டிக்காரர், அவ்வளவுதான், படியேறுவதைப் படியில்தான் பழக வேண்டும். இதற்கு நான் மாணவர்களுக்குச் சொல்லும் உதாரணம் வேலூர். 1940-களின் கடைசியில் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தொழுநோயால் மடங்கிச் செயலிழந்த விரல்களுக்கு, வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசைநாணை எடுத்து மாற்றித் தைக்க ஆரம்பித்தார். ஆபரேஷன் முடிந்ததும் விரல் வேலை செய்துவிடாது. நேற்றுவரை வேறொரு அசைவுக்காக இருந்த தசையை இன்று விரலுக்காகக் கூப்பிட மூளை கற்றுக்கொள்ள வேண்டும். நோயாளி அந்தப் பழைய அசைவை நினைத்துச் செய்வார், விரல் அசையும், அதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, வாரக்கணக்கில், கடைசியில் நினைக்காமலே டம்ளரைப் பிடிப்பார். பலத்தைவிட இங்கே பாடம்தான் அதிகம். பக்கவாதத்துக்குப் பிறகு வெறுமனே பந்தைப் பிசைந்துகொண்டிருப்பதைவிட, தட்டிலிருந்து பட்டாணியை எடுத்துப் போடுவது, சட்டைப் பொத்தான் மாட்டுவது என்று நிஜ வேலைகளையே பல நூறு தடவை செய்யச் சொல்வதும் இதனால்தான்.

சில எச்சரிக்கைகள். எடை தூக்கும்போது மூச்சைப் பிடிக்காதீர்கள், ரத்த அழுத்தம் விருட்டென்று ஏறும், ஏற்கனவே பி.பி. உள்ளவர்களுக்கு நல்லதில்லை, எழும்போது வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக வெளியே போகும். நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் வந்தால் அன்றைக்கு அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகோ நீண்ட நாள் படுத்த பிறகோ ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், தேய்க்கவும் கூடாது, நடந்து பார்க்கவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலும் அப்படியே. காய்ச்சலோடு ஒரு மூட்டு சிவந்து வீங்கினாலும் பயிற்சிக்கு அங்கே வேலையில்லை.

அக்கா மூன்றாவது மாதத்தில் 30 விநாடிக்கு 12 வந்தார். முட்டி 124 டிகிரி. தரையில் உட்காருவது இன்னும் முடியாது, எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் அதே தேய்மானமாகத்தான் இருக்கும். அந்தப் பழைய தாளைக் கொடுத்தது நான்தான் என்று ஒருநாள் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “மீசை இல்லாம இருந்தீங்கள்ல அப்ப” என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரம் வந்தபோது, பையன் ஊரில் இல்லாததால் மாவுத் தூக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு தானே மாடிக்கு ஏறி இறங்கியதாகச் சொன்னார். வலி எத்தனை மார்க் என்று கேட்டேன், மூணு, காலையில் இல்லை என்றார். தூக்கு எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டதற்கு, “அதையெல்லாம் எவன் எடை போட்டான்?” என்று சிரித்தார். போய் எடை போட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன், நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.